அலமாரிக்குள் காய்ந்த புல்

துணி அலமாரியின் கீழ்த்தட்டில் காய்ந்த புல் கிடந்தது. ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி அல்ல. வாய்வாயாகக் கொண்டுவந்து, நடுவில் குழித்து, ஓரங்களை மேலே ஏற்றி, இவெலிஸின் பழைய உள்பாவாடை ஒன்றையும் சுருட்டித் திணித்திருந்தது. முயல் பண்ணின வேலை என்று அவள் முடிவு கட்டினாள். அந்த வீட்டில் அவளையும் முயலையும் விட்டால் வேறு யார்? புருஷன் அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. போனில்கூட அவன் குரல் எப்போதாவதுதான் வருகிறது என்பது, அவள் சொல்லாமலே எங்கள் மேட்டுத் தெருவுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அந்த வாரம் வரைக்கும்.

முயலின் பெயர் ரெய்னா. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மூட்டைக்குக் காது முளைத்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு வில்ஃபிரேதோ கொடுத்த குட்டி. அவன் கறிக்கு முயல் வளர்ப்பவன். எங்கள் நாகுவாபோ ஊரில் எந்த விருந்தில் முயல் குழம்பு மணந்தாலும் அது அவன் கொல்லையிலிருந்து போனதாகத்தான் இருக்கும்.

வானொலியில் புயலைத் தவிர வேறு பேச்சில்லை. ஊரே தலையணையும் தண்ணீர்க் குடமுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த காலையில், அவள் வில்ஃபிரேதோவைக் கூப்பிட்டு முயலைக் காட்டினாள். எதிர்வீட்டு மிக்தாலியா கூப்பிடாமலே வந்தாள்.

"சினையா இருக்குமா, வில்ஃபிரேதோ?" என்று கேட்டாள் இவெலிஸ்.

"ஆண் முயலுக்கு எங்க போச்சு இது? என் ஆளுங்க எல்லாம் கூண்டுக்குள்ளதான் இருக்காங்க."

"கூண்டுல இருந்தாத்தான் ஆம்பள வீட்டுல நிப்பான்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் மிக்தாலியா. பிறகு இவெலிஸை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் ஒரு சுத்துப் பெருத்திருக்கடி. பேக்கரி ரொட்டியெல்லாம் எங்க போகுதுன்னு நினைச்சேன்."

வில்ஃபிரேதோ ரெய்னாவை மடியில் போட்டுக்கொண்டான். அது அவன் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அடிவயிற்றில் இரண்டு விரலைக் கொடுத்து மெல்ல உருட்டினான்.

"ஆரம்பத்துல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். திராட்சை மாதிரி வரிசையா இருக்கும், அமுக்கினா நழுவும். இப்ப வயித்தக் கல்லு மாதிரி இறுக்கி வெச்சிருக்கு, ஒண்ணும் பிடிபடல. வாயில புல்லக் கவ்விட்டு ஓடறதப் பார்த்தியா?"

"பார்க்கல. எழுந்து பார்த்தா அலமாரியில கிடக்கு."

"கோபம் வருதா?"

"கிட்டப் போனா உறுமுது. பின்னங்கால ஓங்கித் தரையில அடிக்குது. முன்னெல்லாம் என் தோள்லயே தூங்கும்."

"அப்ப சினைதான். ஈனற நேரத்துல தன் நெஞ்சு முடியையே பிடுங்கி மெத்தை போடும், பாரு. ஆனா ஒண்ணு, இத இப்பத் தூக்கிட்டு அலையாத. சத்தம் போட்டு மிரட்டினா, பயத்துல குட்டிங்களத் தானே தின்னுடும்."

பள்ளிக்கூடத்தில் மிருகங்களுக்கு இடமில்லை. இவெலிஸ் வீட்டிலேயே தங்குவதாகச் சொன்னாள்.

"குழம்பு வெச்சா ஒரு வேளைக்கு வராது. அதுக்கு நீ காவலா?" என்று ஆரம்பித்த மிக்தாலியா, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வயிற்றில் தங்கித் தங்கி இவெலிஸிடமிருந்து கலைந்துபோனவற்றைத் தெரு அறியும். எங்களுக்கும் சில இடங்களில் வாயை மூடத் தெரியும். இந்த வீட்டில் ஒரு பிரசவமாவது நல்லபடியாக முடியட்டும் என்றுதான் இவெலிஸ் நினைத்தாள். அது முயலுடையதாக இருந்தால்தான் என்ன?

வில்ஃபிரேதோ வெளியிலிருந்து ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தான். பின்கதவுக்கும் அடித்தான். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் அறையிலிருந்து ஒரு துண்டு பகல் போனது. தன் கூண்டுகளை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன் என்று கத்திவிட்டுப் போனான்.

மதியத்துக்குள் காற்று வந்தது. முதலில் பலகைகளின் இடுக்கில் விசிலடித்து, பிறகு கூரைக்கு மேல் கனமான எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் உறுமி, கடைசியில் உறுமலும் கேட்காமல் காதுக்குள் ஒரு அழுத்தமாக மட்டும் மாறியது. மெழுகுவர்த்தியின் கொழுப்பு வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் அவற்றுக்கு அடியில் புழுக்கமான, பாலேறிய ஒரு வாசனையும் சேர்ந்து அவள் தொண்டையில் நின்றன. வாசல் மாமரம் சாய்ந்து முன்கதவின் இரும்புக் கிராதிமேல் விழுந்தபோது வீடே ஒருமுறை முனகியது. அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பரவாயில்லை, வெளியே போய் இப்போது என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடரியில் எரிச்சலாக இருந்தது. வேர்வை என்று நினைத்துத் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

காப்பி போட்டாள்; வாசனை குமட்டியது. கொட்டிவிட்டாள்.

அலமாரி முன்னால் மண்டியிட்டு இருட்டில் கையை நுழைத்தாள். கூடு பெரிதாகியிருந்தது. உள்ளே, புல்லுக்கு மேல், மெத்தென்று முடி. இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

போட்டுவிட்டாள்! மெத்தை போட்டுவிட்டாள் மகராசி! இவெலிஸுக்குக் கண் கலங்கியது. டார்ச்சை எடுத்துவந்து அடித்தாள்.

முடி வெள்ளையாக இல்லை.

கறுப்பாக, நீளமாக, சுருள் சுருளாக இருந்தது. நுனிகளில் மட்டும் செம்பட்டை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்காக அவள் பார்லரில் போய் ஏற்றிக்கொண்ட செம்பட்டை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வாரம் பேசினோம்.

தலைத்துணியை அவிழ்த்தாள். பிடரிக்கு மேலே கையை வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். வழுவழுவென்று. ஈரமாக.

டார்ச்சை அடித்து முயலைத் தேடினாள். ரெய்னா அடுப்படியில், குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. அவள் அதை இழுத்து வெளியே எடுத்தாள். உறுமியது. நெஞ்சு முடி அடர்த்தியாக, ஒரு இழை குறையாமல் இருந்தது. வயிற்றில் இரண்டு விரலைக் கொடுத்தாள். ஒட்டிப்போன வயிறு. விலா எலும்பு கையில் இடித்தது. முயலுக்கு வாங்கிவைத்த புல் மூட்டை மூலையில் காலியாகக் கிடந்தது. இந்த முயல் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? புல்லை யார் எடுத்தது?

ரெய்னா கையிலிருந்து நழுவி ஓடியது. சுவரோரம் போய்த் திரும்பி நின்றது. பின்னங்காலை ஓங்கி அடித்தது.

டொம்.

கதவைப் பார்த்து அல்ல. கூரையைப் பார்த்து அல்ல. அவளைப் பார்த்து.

டொம்.

அவளுடைய வயிற்றைப் பார்த்து.

காற்று நின்றது. கத்தரித்தாற்போல நின்றது. பலகை இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் ஊசி ஊசியாக நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சேறு மிதிபடும் சத்தம்.

"இவெலிஸ்! புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல நிக்குது! கொஞ்ச நேரம்தான் அடங்கியிருக்கும், அதுக்கப்புறம் திரும்ப அடிக்கும். பின்கதவுப் பலகையப் பேத்து எடுக்கறேன், முயலத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு!"

வில்ஃபிரேதோ. நல்லவன். சுத்தியல் கொண்டுவந்திருந்தான். முதல் அடி விழுந்ததும் வீடு அதிர்ந்தது.

அவள் கை அவளைக் கேட்காமல் சட்டைக்கு அடியில் போனது. தொப்புளுக்குக் கீழே. இரண்டு விரல். மெல்ல உருட்டியது.

வரிசையாக இருந்தன.

அமுக்கினாள். நழுவின.

ஒன்று. இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும். பக்கத்திலும்.

அடுத்த அடி. ஆணி கிறீச்சிட்டது. விரலுக்கு அடியில் அவை எல்லாமே ஒரே நேரத்தில் துள்ளின. அடிக்காதே. சத்தம் போடாதே. மிரட்டாதே, நீதானே சொன்னாய், மிரட்டினால் பயத்தில் குட்டிகளைத் தின்றுவிடும் என்று நீதானே சொன்னாய். அதைத்தான் கத்த நினைத்து அவள் வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. வாய் நிறைய இருந்த காய்ந்த புல் தரையில் விழுந்தது.

"இருக்கியா பொண்ணே? பயப்படாத, இதோ வந்துட்டேன்!"

அவள் அடுப்படியை விட்டு அறைக்குள் பின்வாங்கினாள். முதுகு அலமாரியில் பட்டது. உடம்பு தானாக மடங்கி அந்தக் குழிக்குள் இறங்கியது. அவள் அளவுக்கே இருந்தது. வலது கால் உயர்ந்து தட்டில் இடித்தது. டொம். அடுப்படியிலிருந்து ரெய்னா பதில் கொடுத்தது. டொம்.

சுத்தியல் மறுபடி விழுந்தது. பலகை பெயர்ந்தது. வெளிச்சம் உள்ளே வந்தது.

அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது.