நாறாத காயம்

காயம் நாறவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. ஒன்பது நாளாக உள்ளங்கை வாய் பிளந்து கிடக்கிறது. சீழ் இல்லை, வலி இல்லை. ஈ வந்து உட்கார்ந்தாலும் சுட்டதுபோல் எழுந்து போய்விடுகிறது.

தட்டு பார்ப்பது அவர் வேலை. ஜன்னலில்லாத அறையில் கொழுத்த வெள்ளைப்புழுக்களை ஈரத்தாளில் அடுக்கி, நூல்புழு கலந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். பயிர்ப்பூச்சியைக் கொல்லத் தோட்டக்காரர்கள் வாங்கிப்போகும் சரக்கு அந்த நூல்புழு. அது வெள்ளைப்புழுவுக்குள் நுழைந்து, தன் குடலிலிருக்கும் கிருமியைக் கக்கும். கிருமி கொல்லும், உள்ளே கூழாக்கும், பிணத்தை அழுகவிடாது, ஈ எறும்பை அண்டவிடாது. நூல்புழு அந்தக் கூழைத் தின்று பெருகும். குட்டிகள் கிருமியை வயிற்றில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் தேடி வெளியே வரும். கூட்டுக் களவாணிகள். விளக்கை அணைத்தால் கிருமி பிடித்த தட்டு பச்சையாக மினுங்கும். மினுங்கினால் கதவை வெளியே தாழிட்டு, சாக்பீஸால் தேதி எழுதி, பத்து நாள் திறக்கமாட்டார்கள்.

ஒரு மாதமாக எந்தத் தட்டும் மினுங்கவில்லை. கிருமி வீரியமிழந்துவிட்டது. மேற்பார்வையாளன், அவர் மனைவியின் தம்பி, வீரியமுள்ள கிருமிக்காகச் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தான்.

அவர் கையுறை போடமாட்டார். "விரல்ல அமுக்கினாத்தான் புழு கனிஞ்சிருக்கான்னு தெரியும். ரப்பரை எவன் நம்புவான்" என்பார். தட்டின் தகரம் உள்ளங்கையைக் கிழித்ததையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படி ஏறாத மனுஷர், இன்று மத்தியானம் கால் துவண்டபிறகுதான் கையை நீட்டினார்.

"மச்சான், இதைக் கொஞ்சம் பாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"ஈகூட உக்காரலையே மாமா. அதுக்கும் உங்களைக் கண்டா பயம்போல." சிரித்தான். "தட்டைப் பாத்துட்டுப் போயிடலாம்."

விளக்கை அணைத்தான். குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது, ஈரத்தாளின் மண்வாசம் மூக்கில் ஏறியது. அடுக்கடுக்காகத் தட்டுகள், எல்லாம் கரி இருட்டு. ஆனால் மச்சானின் முகம் தெரிந்தது. பச்சையாக. அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தேடினார்.

தன் கையிலிருந்து. மணிக்கட்டு. முழங்கை. அதற்கு மேலும்.

"விளக்கைப் போடுடா."

போடவில்லை. கையுறை மாட்டிய இரண்டு விரல் அவர் முன்கையை மெல்ல அமுக்கிப் பார்த்தது. சதை அமுங்கியது. எழும்பவில்லை.

"நல்லாக் கனிஞ்சிருக்கு மாமா." குரலில் அத்தனை பாசம். நாற்காலியில் உட்காரவைத்தான். பெரிய தட்டில் ஈரத்தாள் விரித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, கையை அதில் கிடத்தினான். "அசைக்காதீங்க. டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

கதவு மூடியது. தாழ் விழுந்தது.

எழப் பார்த்தார். கால் இல்லாததுபோல் இருந்தது. கத்தினார். காற்றுதான் வந்தது.

வெளியே, கதவில், சாக்பீஸ் கீறும் சத்தம். நிதானமாக.

உள்ளங்கையின் வாயிலிருந்து மயிரிழைபோல் ஒன்று தலை நீட்டியது. தாளில் இறங்கியது. தண்ணீரை நோக்கி நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. அதன்பின், கொத்தாக. வலிக்கவேயில்லை.