கதவிலிருந்து போன பலகை

காலை ஒன்பதரை. அந்த ஆங்கில நாளிதழின் புது ஆசிரியர் அறைக் கதவு மொட்டையாக நின்றது. நேற்று மாலை மாட்டிய பித்தளைப் பெயர்ப்பலகையைக் காணோம்.

"மாட்டினவன்தான் கழட்டியிருப்பான். பித்தளைக்கு நல்ல விலை," என்றார் மேனேஜர். "பதினொரு மணிக்குப் போலீஸைக் கூப்பிடறேன்."

மாட்டியவன் எலெக்ட்ரீஷியன். அவனுடைய அக்காதான் பிழை திருத்தும் பிரிவின் தலைவி. காதில் எப்போதும் நீலப் பென்சில் இருப்பதால் பெயரே பென்சில்.

"என் தம்பி எடுத்திருந்தா நானே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறேன்," என்றாள். "முதல்ல கதவைப் பாக்கணும்."

பலகையின் வாசகம் அவள் கை பார்த்ததுதான். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் பதவி வந்தால் அதன் முதலெழுத்து பெரிய எழுத்து, அதாவது கேப்பிட்டல், பின்னால் வந்தால் சின்ன எழுத்து. துணை ஆசிரியராக இருந்தபோதே அங்கே அதைச் சட்டமாக்கியவர் இதே ஆசிரியர். தங்கள் பதவி சின்ன எழுத்தில் வந்ததென்று மந்திரிகள் போனில் கத்தியும் மசியாதவர். 'என் பலகைக்கும் அதே விதிதான்' என்று மார்தட்டிச் சொல்லியிருந்தார். பலகையும் அப்படியே வந்தது: பெயர், அதன் பின் பதவி சின்ன எழுத்தில்.

கதவில் ஸ்க்ரூக்கள் திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. தலைகள் மட்டும் கன்னாபின்னாவென்று கீறியிருந்தன.

"உன் ஸ்க்ரூ டிரைவர் எங்கடா?" என்று பக்கத்தில் நின்ற தம்பியைக் கேட்டாள்.

"பையிலதான்க்கா."

அறைக்குள் ஆசிரியரிடம் போனாள். மேஜையில் ஸ்டீல் ஸ்கேல், அதன் மூலை வளைந்திருந்தது.

"நேத்து கடைசியா கிளம்பினது யாரு சார்?"

"நான்தான்," என்றார் ஆசிரியர்.

"ஸ்கேல் எப்ப வளைஞ்சுது?"

ஆசிரியர் ஸ்கேலை ஒரு கோப்புக்கு அடியில் தள்ளினார்.

"ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கறவன் ஸ்க்ரூவோட தலையை இப்படிக் கீற மாட்டான். திருடன் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்ட மாட்டான். மறுபடி இங்க பலகை வரணும்னு நினைக்கறவர்தான் மாட்டுவார். எடுத்தது நீங்கதான் சார்."

ஆசிரியர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பலகை.

"வாழ்நாள் பூரா காத்திருந்த பதவிம்மா. கதவுல அந்தச் சின்ன எழுத்துல பாத்தா கடுகு மாதிரி இருந்துது. மாத்தச் சொல்ல வாய் வரல."

"அதுக்கு என் தம்பி திருடனா?"

அவர் தலை குனிந்தார்.

"அந்த விதி வாக்கியத்துக்குத்தான் சார். பலகைல பெரிய எழுத்தே போடலாம். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மதியம் அறிவிப்புப் பலகையில் ஆசிரியரின் மன்னிப்பு ஆங்கிலத்தில் தொங்கியது. கீழே அவர் பெயர், அதன் பின் பதவி சின்ன எழுத்தில். மேலே தம்பியின் பெயருக்கு முன்னால் 'எலெக்ட்ரீஷியன்', பெரிய எழுத்தில்.

விதிப்படி அது தப்பு. பெரிய எழுத்து பதவிக்குத்தான், தொழிலுக்கு இல்லை. பென்சிலின் கை காதுக்குப் போனது. அங்கேயே நின்றது.

பிழையைத் திருத்தாமல் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.