கம்பளிக்குள் இருந்த சூடு

துப்பறியும் முனியராஜுக்கு அன்று யாரையும் பிடித்துக் கொடுக்கிற தெம்பில்லை. வெயில் அப்படி, வயசும் அப்படி. விருதுநகர் வியாபாரி ஜெய்லானி விடுவதாக இல்லை.

"நேத்து மத்தியானம் ஒரு மூட்டை வெனிலாக் காய் களவு போயிருச்சு. காய் வைக்கிற பெட்டி, ஷெட்டுல வேலை பாக்குற மாரிசெல்வி பொறுப்பு. சாயங்காலம் அவளைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறேன்."

வெனிலா விலை உச்சாணிக் கொம்பில் இருந்த வருஷம் அது. மிளகாய் வத்தல் வியாபாரியான ஜெய்லானியும் மலையிலிருந்து பச்சைக்காய் வாங்கி, திருத்தங்கல் ஷெட்டில் பதப்படுத்திக்கொண்டிருந்தார்.

பட்டாசுக் கம்பெனியை விட்டுப் புதிதாக வந்த காவலாளி சங்கிலிமுத்து, நொண்டிக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே மாரிசெல்வி அழுது முகம் வீங்கி நின்றாள்.

"வெயில்ல காஞ்ச காயைச் சூடு ஆறாம கம்பளில சுத்திப் பெட்டில வச்சேன் சார். அப்பத்தான் வாசம் ஏறும். வேலை பாக்குற பொம்பளைக எல்லாரும் பக்கத்து ரூம்ல சாப்பிட்டுக் கண்ணசந்தோம். எந்திரிச்சுப் பாத்தா கம்பளியோட காணோம்."

"கண்ணசந்தாகளாம்!" என்றான் உதவியாளன் சைஃபுல்லா உற்சாகமாக.

முனியராஜ் சுற்றிப் பார்த்தார். பதமான கறுப்புக் காய்கள் அலமாரியில் அப்படியே மணத்துக்கொண்டிருந்தன. வாசலில் தீயணைக்கிற வாளிகளில் மணல் இல்லை. பின்பக்கக் கருவேலங்காட்டில் வெறுங்கால் தடம் பொட்டலை நோக்கிப் போயிருந்தது. அலுப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"களவாங்க வந்தவன் மணக்குற சரக்கை விட்டுட்டுச் சூட்டு மூட்டையை ஏன் தூக்குறான்? ரோடு இருக்க, ஆளில்லாத பொட்டலுக்கு ஏன் ஓடுறான்? வாளி மணல் அவனுக்கு எதுக்கு? சைஃபுல்லா, இந்த ஊர்ல பெட்டிக்குள்ள சரக்கு தானா சூடானா என்ன அர்த்தம்?"

சைஃபுல்லாவின் உற்சாகம் வடிந்தது. "பட்டாசு மருந்துல ஈரம் பட்டிருக்கு. வெடிக்கப் போகுது."

"கால்ல முள்ளை எடுத்தீகளா அண்ணே?" என்று சங்கிலிமுத்துவிடம் கேட்டார் முனியராஜ்.

சங்கிலிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெட்டில கை வச்சேன், கொதிச்சுச்சு. பொட்டல் பள்ளத்துல போட்டு மணலைக் கொட்டுனேன். பெறகு மொதலாளி லட்ச ரூவாச் சரக்குன்னு கத்தவும் நாக்கு எந்திரிக்கல. மன்னிச்சிரு தாயி."

"வெடிக்கும்னு நெனச்சதையா நெஞ்சோட தூக்கிட்டு ஓடுன?" ஜெய்லானியின் குரல் இறங்கியிருந்தது. "எழுப்பி விட்டிருக்கலாம்ல?"

"எழுப்ப நேரமிருக்காது மொதலாளி. உள்ள அம்புட்டுப் பொம்பளைகளும் தூங்குறாக. நான் ஒத்தை ஆளுதான."

களவாணிப் பட்டம் சுமந்தவள் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை.

"நானும் உள்ளதாண்ணே தூங்கிட்டு இருந்தேன்" என்றாள்.