கயிறு மாறிய இடம்

வள்ளிக்கண்ணு வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்த பிறகுதான் பேச்சே வந்தது.

"என்னைத் திருடிங்கிறாங்க, பாய்."

தெப்பக்குளத்து மாடியொன்றில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்த நிஜாமுதீன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய உதவியாளன் பெரியண்ணனுக்கு அப்போதே கை பரபரத்தது. திருட்டு என்று காதில் விழுந்தால் போதும், அவனுக்குச் சோறு இறங்காது.

விஷயம் இதுதான். எடமலைப்பட்டி புதூர் வள்ளிக்கண்ணு, தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிறவள். ஐம்பத்தாறில் வந்த முதல் இசைத்தட்டு வந்த சுவடே தெரியவில்லை. மறுவருஷம் வந்த இரண்டாவது பிய்த்துக்கொண்டு போனது. மணப்பாறைச் சந்தையில் ஒரு குடும்பம் காளையை விற்கிற கதை; நீளமான பாட்டு, தட்டின் இரண்டு பக்கமும் அது ஒன்றேதான். இப்போது நாடகப் பாடகர் சின்னையன், அது தன் பாட்டு, பத்து வருஷமாகத் திருவிழாக்களில் பாடி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் இசைத்தட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் மருதை, கடை வாசலில் நாலு பேர் முன்னால் அவளைத் திருடி என்று சொல்லி, விற்பனையையும் நிறுத்திவிட்டார்.

"இது போச்சுன்னா இனி என்னை யாரும் பாடக் கூப்பிட மாட்டாங்க. அது எங்கப்பா வித்த காளை, பாய்."

மறுநாள் காலை மருதையின் கடையில் எல்லோரும் கூடினார்கள். "முழுசாப் பாடுங்கண்ணே," என்றார் நிஜாமுதீன்.

சின்னையன் பாடினார். குரலென்றால் அது குரல். காளையைச் சந்தைக்கு ஓட்டிப் போனது, விலை பேசியது, பழைய கயிற்றை அவிழ்த்தது, மறுபடி பல்லவி, பிறகு வாங்கியவன் புதுக் கயிறு போட்டது, காளை திரும்பிப் பார்த்தது. ஒரு சொல் பிசகவில்லை. பெரியண்ணன், இந்தப் பெண் நம்மிடமே கதை விட்டாளா என்றுகூட நினைத்தான், பாவி.

"பத்து வருஷமா இப்படியேதான் பாடுறீங்களா?"

"ஒரு எழுத்து மாத்தினதில்லை."

நிஜாமுதீன் மருதையிடம் திரும்பினார். "பிளேட்டுலயும் இதே இடத்துல, நடுவுல பல்லவி வருதே, ஏன்?"

"நாங்க சொல்லிப் பாட வச்சதுங்க. ஒரு பக்கம் மூணு நிமிஷந்தான் ஓடும். திருப்பிப் போட்டதும் என்ன பாட்டுன்னு தெரியணுமில்ல? அம்மா மாட்டேன்னுதான் சொன்னாங்க."

"ஏம்மா மாட்டேன்னீங்க?"

"சந்தையில பழைய கயிறு வித்தவனுக்கே சேரும், மாடு வாங்கினவனுக்கு. ஒருத்தன் அவுக்கும்போதே மத்தவன் புதுசை மாட்டிடணும். நான் கட்டினதும் நடுவுல மூச்சு விடாமத்தான்."

"கேட்டீங்களாண்ணே?" நிஜாமுதீன் குரல் உயரவில்லை. "திருவிழா மேடையில பிளேட்டு ஏது, திருப்பிப் போட? அவுத்த மாட்டை அம்போன்னு விட்டுட்டுப் பல்லவிக்குப் போனீங்க. பிளேட்டைக் கேட்டுப் படிச்சவருக்குத்தான் அந்தப் பழக்கம் வரும்."

சின்னையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னை இப்ப எந்த மேடைக்குக் கூப்பிடுறாங்க பாய்," என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மருதை அசடு வழியச் சிரித்தார். "நாளைக்கே விக்க ஆரம்பிச்சிடுறோம்மா."

வள்ளிக்கண்ணு எழுந்திருக்கவில்லை. "பிளேட்டு விக்கும். என்னைச் சொன்ன சொல்லு?"

மருதை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, "அது வள்ளிக்கண்ணு கட்டின பாட்டுதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்," என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "எதிர்க் கடைக்குக் கேட்டிருக்காது."