கோவாவுக்குத் தயாரான வண்டி

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தபோது அலெக்சாண்டருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேன் நிறத்தில் புது ஆயில், மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கப்புறம்தான் உறைத்தது. அவன் வாங்கிவந்த ஆயில் டப்பா மூடி உடைக்காமல் காலடியில் இருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் ஓயாத முனகல், பலா இலைகளின்மேல் படிந்த சாம்பல், அடுத்த பிளாக்கில் யாரோ கருவாடு வறுக்கும் வாசனை என்று சாயங்காலம் வழக்கம்போலத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் ஜெரால்டின் பழைய பிக்கப் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

ஜெரால்டு, அலெக்சாண்டரின் மனைவி ஸ்டெல்லாவுக்கு முதல் கணவன். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. போனவன் சும்மா போகவில்லை. அவனுடைய பர்மனன்ட் வேலை வாரிசு என்ற முறையில் ஸ்டெல்லாவுக்கு வந்தது. வேலையோடு குவார்ட்டர்ஸ் தங்கியது, குவார்ட்டர்ஸோடு வண்டி தங்கியது. கடைசியாக வந்து சேர்ந்த சாமான், கான்ட்ராக்ட் தொழிலாளி அலெக்சாண்டர். செத்தவன் கட்டிலில் படுத்து, செத்தவன் ஃபேனில் காற்று வாங்கிக்கொண்டு, "என் வூட்ல என் பேச்சுதான்" என்று டீக்கடையில் அறிவித்துவிட்டு வரும் அளவுக்கு அவனுக்கு வீரம் இருந்தது.

ஒன்றை மட்டும் ஜெரால்டு செய்யாமல் விட்டுப் போயிருந்தான். "கோவாவுக்குக் கூட்டிக்கினு போறேன், சவேரியார் கோயிலக் காட்டுறேன்னு வருஷா வருஷம் சொல்லுவாரு, பாவம்" என்று ஸ்டெல்லா ஒருநாள் சொன்னாள். அந்தப் 'பாவம்' அலெக்சாண்டருக்குள் முள்ளாக இறங்கியது. அவன் சொன்னான், நான் செய்கிறேன். அதுவும் ஜெரால்டின் வண்டியிலேயே. நாளை விடியற்காலை கிளம்ப வேண்டும்.

"என்னாப்பா அலெக்சாண்டரு, உலகத்தப் புடிக்கக் கெளம்பிட்டியா?" எதிர் குவார்ட்டர்ஸ் ஹபீப் முகமது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார்.

"கோவா வரைக்கும்தாங்க பாய். மெக்கானிக்கு எவனையும் கிட்ட சேக்கல. எல்லாம் நம்ம கைதான்."

"பாத்தனே! உச்சி வெயில்ல வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருந்த. காலு மட்டும் தெரிஞ்சுது. சாப்டியான்னு கேட்டேன், மூச்சு காட்டல. பெரிய இஞ்சினியரு ஆயிட்ட!"

உச்சி வெயிலில் அவன் ஃபர்ஸ்ட் ஷிப்டில், சுரங்கத்துக்குள் இருந்தான்.

உள்ளே ஓடினான். லீவில் இருந்த ஸ்டெல்லா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் மல்லிகை. யாருக்கு?

"பகல்ல இங்க எவன் வந்தான்?"

"யாரு வருவா? ஸ்பேனர் சத்தம் கேட்டுது. நீங்கதான்னு நெனச்சேன்" என்றாள். முகத்தில் ஒரு மலர்ச்சி. அது அவனைப் பார்த்து வந்ததல்ல.

திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஃபேன் பெல்ட் புதிது. பிரேக் ஆயில் நிரம்பியிருந்தது. சக்கர நட்டுகள் அசையவில்லை. நேற்று அவன் கோணலாக மாட்டிய ரேடியேட்டர் கிளிப்பைக்கூட எவனோ நேராக்கி வைத்திருந்தான். திருடன் வந்திருந்தால்கூட அலெக்சாண்டருக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. எவனோ அவனைவிட நன்றாகச் செய்திருக்கிறான். ஒரு வேலையாவது தனக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்ற வெறியில், பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் புகுந்து, கால்கள் வெளியே நீள மல்லாந்து படுத்தான்.

இருட்டியிருந்தது; வாசல் விளக்கின் வெளிச்சம் மட்டும் அடியில் கசிந்தது. மேலே நீண்டு போகும் இரும்புத் தண்டின் இணைப்பைத் தடவினான். விரலில் கிரீஸ் ஒட்டியது. வெதுவெதுப்பாக.

ஒரு போல்ட் மட்டும் லேசாக ஆடியது. அப்பாடா. கையை வெளியே நீட்டி ஸ்பேனரைத் துழாவினான். உள்ளங்கையில் ஸ்பேனர் வைக்கப்பட்டது. சரியான அளவு.

"தேங்க்ஸ்மா" என்றான்.

"பெட்டி ரெடி. இப்பவே கெளம்பிடலாங்களா?" ஸ்டெல்லாவின் குரல். வீட்டுக்குள்ளிருந்து.

கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

செருப்புச் சத்தம். ஸ்டெல்லாவின் பாதங்கள் வண்டியை நோக்கி வந்தன. குனிந்து பார்க்கவில்லை. கதவு திறந்தது. சீட் முனகியது. இடப்பக்க ஸ்பிரிங் பட்டைகள் லேசாக அமுங்கின.

பிறகு வலப்பக்கம், ஸ்டீயரிங் பக்கம். மெதுவாக. இன்னும் ஆழமாக.

"இவரு கீழ இருக்காருங்க" என்றாள் ஸ்டெல்லா, மேலே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல. "கூட்டிக்கினு போலாமா, வேணாமா?"

குதிகாலை ஊன்றி இரண்டு தடவை நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். ஆனால் பதில் தெரிய வேண்டியிருந்தது. ஜெரால்டு என்ன சொல்கிறான். இவளிடம் எந்தக் குரலில் பேசுகிறான். பயத்தையும் தள்ளிக்கொண்டு பொறாமை முன்னால் வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான்.

குரல் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டிராத சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு.

இஞ்சின் உறுமியது. முகத்துக்கு மேலே, கைப்பிரேக் விடுபட்டு அதன் கேபிள் தொய்ந்தது. கியர் விழுந்தது. கிளட்ச் கம்பி மெல்ல, மிக மெல்ல, பின்னால் வந்தது.

தொடைக்குப் பக்கத்தில் பின்சக்கரம்.

உருண்டது.