இருபதாவது பிள்ளை

காலை ஏழரை மணி என்றால் செம்மண் மாநிலத்தின் நாற்பத்திரண்டு குமிழ்களிலும் பிள்ளைகளுக்குப் பாடம் ஏற்றுகிற நேரம். தலை பின்னி முடித்ததும் அம்மாமார் பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்து, பிடரியில் இருக்கும் செருகியைத் துணியால் துடைத்து, பாடமேற்றியின் வயரை மாட்டுவார்கள். இரண்டு நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும். அன்றைய கணக்கும் வரலாறும் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தட்டில் இருக்கும் இட்லி அதற்குள் ஆறியிருக்காது. பிறகு பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போவார்கள், ஏறிய பாடம் இறங்காமல் இருக்கிறதா என்று காட்டிவிட்டு நாலு மணிக்குத் திரும்பி வர.

செவ்வாய்க் கிரகத்தில் குடியேற ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவர்கள் தேரிக்காட்டு ஜனங்கள்தான். சிவப்பு மண்ணும் தண்ணீர்ப் பஞ்சமும் அவர்களுக்குப் புதிதில்லை. மூன்று தலைமுறையில் குடியிருக்கக் குமிழ் கட்டினார்கள், உள்ளே காற்று செய்தார்கள், மாநில அந்தஸ்து வாங்கினார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தலும் வைத்துக்கொண்டார்கள். பொதுப்பள்ளியை மட்டும் கை கழுவிவிட்டார்கள். அதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வரும்.

ஒன்பதாம் குமிழில் பாசித்தொட்டி கழுவும் வடிவின் மகள் இசக்கிக்கு எட்டு வயது. அவள் பிடரியில் செருகி கிடையாது. மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள், மூன்று முறையும் ஜுரம் வந்து பிள்ளை பிழைத்ததே பெரும்பாடு. செருகி இல்லாத பிள்ளையை எந்தத் தனியார் பள்ளியும் வாசலில்கூட நிற்கவிடாது. அவளுக்கு இருந்தது ஒன்பதாம் குமிழ் அரசுப் பள்ளி ஒன்றுதான். அங்கே மட்டும்தான் இன்னும் கரும்பலகையில் எழுதி, வாயால் சொல்லி, புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

கேட்டது மனிதர் இல்லை. எழுத்தாணி-4 என்ற ஆசிரியப் பொறி. பிள்ளைகளுக்கு ஆணி சார். பூமியில் இருநூறு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்த பதினொரு லட்சம் ஆசிரியர்களின் பேச்சையும் பழக்கத்தையும் பணிப்பதிவையும் புகட்டி அதைச் செய்திருந்தார்கள். அதனால் சுண்ணாம்புக்கட்டியைத் தூக்கி எறியப்போவதுபோல் ஓங்கும், எறியாது. பிள்ளை அழுதால் கணக்கை நிறுத்திவிட்டுக் கதை சொல்லும். பதினாறு தடவை கேட்டாலும் பதினேழாவது தடவை சொல்லிக்கொடுக்கும். இசக்கி அதனிடம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள்.

இப்போது அந்தப் பள்ளிக்குக் கண்டம் வந்திருந்தது. இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளியைத் தேர்தல் முடிந்ததும் மூடலாம் என்று உத்தரவு. பள்ளியில் இருந்தது பதினெட்டு.

வடிவு பொதுப்பள்ளிப் பாதுகாப்புப் பேரவைக்குப் போனாள். அந்தப் பேரவையைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஒவ்வொரு மாநிலத் தேர்தலிலும் வேட்பாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இருபத்தொரு கேள்வி கேட்டு, தேறியவருக்கு ஆதரவு முத்திரை கொடுக்கும். முத்திரை வாங்கியவருக்குத் தொகுதியில் ஐயாயிரம் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு விழும். அமைச்சர்களே அங்கே கைகட்டி நிற்பார்கள். மேடைக்குப் பின்னால் பேரவையின் வாசகம் பெரிய எழுத்தில் தொங்கும்: ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.

பேரவைத் தலைவர் பேராசிரியர் நவநீதன் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது பொய் என்று சொல்லமாட்டேன். "கவலப்படாத வடிவு. இந்தத் தேர்தல்ல ஒன்பதாம் குமிழ்ப் பள்ளிக்கூடம்தான் நமக்கு மானப் பிரச்சன. பெத்தவங்க தரப்புல நீயும் குழுவுல உக்காந்து கேள்வி கேளு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நேர்காணல். பதினோரு பேர் குழு, பன்னிரண்டாவதாக வடிவு. முதலில் வந்தவர் கல்வி அமைச்சர் துரைசிங்கம். இருபத்தொரு கேள்விக்கும் சரளமாகப் பதில் சொன்னார். ஒரு பள்ளியைக்கூட மூடமாட்டேன் என்று நெஞ்சில் கை வைத்தார். குழு தலையாட்டியது. வடிவு கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒங்க பிள்ளை எங்க படிக்கு?"

அமைச்சர் சிரித்தார். "அவன் எங்க தாயி என் பேச்சக் கேக்கான். அவுக அம்மா தனியார்ல சேத்துட்டா. வீட்டுல நம்ம ஆட்சியா நடக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நவநீதன் வடிவின் பக்கம் சாய்ந்து, "அது தனிப்பட்ட விஷயம்மா. பட்டியல்ல இல்லாத கேள்வி வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். அடுத்து வந்த எதிர்க்கட்சிக்காரரிடம் வடிவு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு பதில் வந்திருக்காது.

மூன்றாவதாக ஆணி சார் வந்தது. பதினைந்து வருஷம் பணி முடித்த இயந்திரத்துக்கு அந்த மாநிலத்தில் ஓட்டும் உண்டு, தேர்தலில் நிற்க உரிமையும் உண்டு. பள்ளியைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் அது சுயேச்சையாக மனுப் போட்டிருந்தது. இயந்திரம் பொய் சொல்லக்கூடாது என்பது சட்டம். மனிதர்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

ஆணி சாரின் பதில்களைக் கேட்டு வடிவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, எந்தக் குமிழில் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விரல்விட்டுச் சொன்னது. இருபத்தொன்றும் முடிந்தது. வடிவு விளையாட்டாகத்தான் அதைக் கேட்டாள்.

"ஒங்ககிட்ட கேக்க என்ன இருக்கு சார். பிள்ளையா குட்டியா."

"உண்டு வடிவம்மா. பதினஞ்சு வருசம் ஆயிட்டுல்லா. எனக்கு அப்புறம் வேல பாக்க ஒரு வாரிசு குடுத்திருக்காவ. எழுத்தாணி-5. அது இனிமேத்தான் படிக்கணும்."

"அப்படியா. எங்க படிக்கு?"

"ஒளிமுகம் தனியார் பள்ளியில."

வடிவுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. "என்ன சார் சொல்லுதிய? எம்பிள்ளைக்கு ஒங்க பள்ளிக்கூடம். ஒங்க பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடமா?"

ஆணி சார் குழம்பியது. பதினைந்து வருஷத்தில் அதை யாரும் குழம்பிப் பார்த்ததில்லை. "தப்பா வடிவம்மா? எனக்குப் புகட்டின பதினோரு லட்சம் ஆசிரியர்கள்ல கணக்குச் சொல்லிக்குடுக்குற முறை ஆளுக்கொண்ணு. பிள்ளைய அடிக்கலாமா கூடாதாங்கதுல பாதிக்குப் பாதி. இந்த ஒரு விசயத்துல மட்டும் அநேகமா அத்தன பேரும் ஒண்ணுபோல இருந்தாவ. பாடம் நடத்துறது இங்க, சொந்தப் பிள்ளயச் சேக்குறது அங்க. அதுவும் உத்தியோக விதியில ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டேன்."

நவநீதன் கண்ணாடியைக் கழற்றினார். குரல் மேடைக்குரலாகிவிட்டது. "மன்னிக்கணும். தான் நடத்துற பள்ளியத் தானே நம்பாதவருக்கு இந்தப் பேரவையோட முத்திரை கிடையாது. கொள்கைன்னா கொள்கைதான்."

"அமைச்சருக்கு அது தனிப்பட்ட விசயம்னிய" என்றாள் வடிவு.

நவநீதன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வடிவு குழுவின் பக்கம் திரும்பினாள்.

"சரி, இங்க உக்காந்திருக்கிய பதினோரு பேரு. ஒங்க பிள்ளையெல்லாம் எங்க படிக்கு?"

ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார். கடைசியில் நவநீதன்தான் சொன்னார், "நாங்க வேட்பாளர் இல்லயே வடிவு. கேள்வித்தாள் வேட்பாளருக்கு."

ஊருக்கு உபதேசம் என்பது பழைய நோய்தான். ஆனால் அதற்கு ஒரு பேரவை கட்டி, மேடை போட்டு, முத்திரையும் அடித்து வைத்திருக்கிறார்களே, அந்தத் தைரியத்தை எங்கே போய்ச் சொல்ல. அன்றைக்கே குழு கூடி அமைச்சர் துரைசிங்கத்துக்கு முத்திரை கொடுத்தது. ஜெயிக்கிறவரோடு இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று காரணமும் எழுதினார்கள்.

மறுநாள் காலை ஆணி சார் ஒளிமுகம் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கியது. தன் இடுப்பு உயரமே இருந்த எழுத்தாணி-5-ஐக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஒன்பதாம் குமிழ்ப் பள்ளியின் பதிவேட்டில் பெயர் எழுதியது. பயிலும் இயந்திரமும் மாணவரே என்று முன்பு தனியார் பள்ளிகள் கட்டணம் வாங்குவதற்காகப் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று இருந்தது. அது இப்போது உதவிற்று. பிள்ளைகள் அதைக் குட்டியாணி என்று கூப்பிட்டுத் தங்கள் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

"நேத்து வடிவம்மா கேட்டது சரியான கேள்வி. கத்துக்கிட்டதத் திருத்திக்கிட்டேன்" என்றது ஆணி சார். "இப்ப பத்தொம்பது ஆச்சு. இன்னும் ஒரே ஒரு பிள்ளை வந்தா போதும். தேர்தல் யாரு ஜெயிச்சாலும் மூட முடியாது."

வடிவு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பிள்ளை. முத்திரை வேண்டாம், அமைச்சர் வேண்டாம், ஐயாயிரம் ஓட்டு வேண்டாம். பேரவையின் பதினோரு பேர் வீட்டில் பதினாறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒன்று.

அவள் பதினோரு வீட்டுக்கும் நடந்தாள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். எல்லாரும் பள்ளிக்காக உயிரைக்கூடக் கொடுப்போம் என்றார்கள். உயிரை யார் கேட்டது? பிள்ளையை அல்லவா கேட்டாள். ஒருவருக்கு மாமியார் சம்மதிக்கவில்லை, ஒருவருக்கு ஆண்டுத் தேர்வு வருகிறது, ஒருவர் அடுத்த வருஷம் கட்டாயம் என்றார்.

கடைசியாக நவநீதன் வீடு. அவர் மகனுக்குப் பத்து வயது. பிடரியில் வயர் மாட்டியபடி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆணி சார் நல்லா நடத்துதாவளா இல்லயா, சொல்லுங்க" என்றாள் வடிவு.

"அதுல சந்தேகமே இல்ல. இந்த மாநிலத்துலயே அதுமாதிரி ஆசிரியர் கிடையாது. நானே கட்டுரை எழுதியிருக்கேன்."

"பெறகு என்ன சார்?"

நவநீதன் மகனைப் பார்த்தார். குரல் தணிந்தது. "எனக்கு இருக்கது ஒரே பையன் வடிவு. அவன வச்சு நான் சோதனை பண்ணிப் பாக்க முடியுமா?"

"எனக்கும் ஒரே பிள்ளதான் சார்" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட்டார், அது நிஜம். வெட்கப்பட்டதோடு சரி. வடிவு காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

தேர்தல் நடந்தது. துரைசிங்கம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆணி சாருக்கு விழுந்தது முப்பத்தேழு ஓட்டு. பதினெட்டுப் பிள்ளைகளின் அப்பா அம்மா போட்டது முப்பத்தாறு, தனக்குத் தானே போட்டுக்கொண்டது ஒன்று. அடுத்த வாரமே ஒன்பதாம் குமிழ்ப் பள்ளிக்கு ஓலை வந்தது. அமைச்சர் வாக்குத் தவறவில்லை. பள்ளியை மூடவில்லையாம், பதினாறாம் குமிழ்ப் பள்ளியோடு இணைக்கிறார்களாம். பதினாறாம் குமிழுக்கு மண்ணுருளி வண்டியில் நான்கு மணி நேரம். இசக்கி தினமும் எட்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தால் படித்துக்கொள்ளலாம். இந்த ஓலையை எழுதிய அதிகாரிக்குச் சோறு எப்படி இறங்கியதோ தெரியவில்லை.

பேரவை கொதித்து எழுந்தது. கண்டனத் தீர்மானம் போட்டார்கள். துரோகம் என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் மாபெரும் ஆர்ப்பாட்டம், எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அறிவித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வடிவு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, இசக்கிக்குச் சீருடை போட்டு, ஒன்பது மணிக்கே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பூட்டு தொங்கியது. ஆணி சார் பூட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குட்டியாணி. உள்ளே இருந்த கரும்பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து சுவரில் சாய்த்திருந்தார்கள். ஆணி சார் அன்றைய தேதியை எழுதி, வருகை: ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டிருந்தது. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து மண்ணில் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குப் பத்தொன்பது ஆனது.

பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. பேரவைக்காரர்கள் ஒருவரையும் காணோம். ஊரான் பிள்ளை வாசகம் எழுதிய துணியை மட்டும் யாரோ முந்தின நாளே வந்து வேலியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வடிவு நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். ஆர்ப்பாட்டம் மாலை நாலரை மணிக்கு, குடும்பத்தோடு என்று போட்டிருந்தது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நோட்டீஸை நாலாக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

இசக்கி பலகையிலிருந்து கண்ணை எடுத்து வெறும் தெருவைப் பார்த்தாள். "சார், நமக்காகச் சண்ட போட நெறைய பேரு வருவாவன்னு அம்மா சொன்னா. ஒருத்தரையும் காணோமே?"

ஆணி சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"வருவாவ மக்கா" என்றது. "பள்ளிக்கூடம் விட்டதும் வருவாவ."