இடது சீட்டில் குளிர்

டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணிக்கு, ரங்கூன் தாமுவேயில் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்குள் அந்தப் பிக்கப் வண்டி வந்து நின்றது. முப்பது வருஷத்துப் பழைய ஜப்பான் வண்டி. மேலே புதிதாக நீலப் பெயின்ட். கிழவிக்குப் பவுடர் பூசினாற்போல் இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஓட்டி வந்தவர் ரோஸ்லின். எங்கள் தெருவில் பத்து வருஷமாகக் குடியிருப்பவர். கூடவே அவருடைய நாலு வயது மகள் அஞ்சலி, கன்னம் நிறைய தனக்கா மரப்பட்டைப் பூச்சோடு.

"அஸ்கர் பாய், போன வாரம்தான் வாங்கினேன். ஹீட்டர்ல சூடே வரல. காத்து வருது, ஆனா சில்லுன்னு வருது."

"ரங்கூன்ல ஹீட்டர் எதுக்கு மா ரோஸ்லின்? கதவைத் திறந்து வெளிய நின்னா போதுமே."

அவர் சிரிக்கவில்லை. "கலோவுல கான்வென்ட் ஹாஸ்டல்ல வேலை கிடைச்சிருக்கு பாய். நாளைக்கு விடியும்போது கிளம்பணும். மலை ஏறும்போது இருட்டிடும். இவளுக்குக் குளிர் பட்டா இளைப்பு வந்துருது. போன வருஷம் உதடு நீலமாயிடுச்சு. எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

"யாபாதே, செஞ்சிடலாம். அஞ்சு மணிக்கு வாங்க, அடுப்பு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன்.

பானெட்டைத் தூக்கினேன். ஹீட்டர் என்றால் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. எஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு, அதாவது கோருக்கு, போகும். இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். அந்தச் சூட்டை ஃபேன் உள்ளே ஊதும். அவ்வளவுதான்.

இந்த வண்டியில் அந்த இரண்டு ஹோஸும் உள்ளே போகவே இல்லை. எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒரு விரல் நீளப் பித்தளைக் குழாய். அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பரை மூன்று சுற்றுச் சுற்றி, கம்பியை இடப்பக்கமாக முறுக்கியிருந்தார்கள்.

எனக்கு இடது கைப் பழக்கம். நான்தான் கம்பியை அப்படி முறுக்குவேன்.

"என்ன பாய்?" என்றார் ரோஸ்லின்.

"எவனோ மடையன் ஹோஸை மாத்திக் கட்டியிருக்கான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகும், பானெட்டைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியவில்லை.

வண்டி அப்போது வெள்ளை நிறம். அண்ணன் முறைக்கு நான் காக்கா என்று கூப்பிடும் அப்துல் பாரியுடையது. போட்டாதாங் படகுத்துறையிலிருந்து கருவாடு ஏற்றி மலைக்கு ஓட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். வேறு கோர் தேடி அலைய எனக்குச் சோம்பல். இந்த ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஹோஸைச் சேர்த்துக் கட்டினேன். ஒழுகல் நின்றது. "சரியாயிடுச்சா?" என்று கேட்டார். "ஆயிடுச்சு காக்கா" என்றேன். ஹீட்டர் இனி வேலை செய்யாது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த ஜனவரியில் மலையில் காய்ச்சலோடு படுத்திருந்த மனைவி உஸ்மா லாத்தாவை ரங்கூன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். கலோவுக்குக் கீழே வளைவில் ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. காலம் தப்பிய மழை வேறு. விடிய விடிய எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்தாராம். வந்ததெல்லாம் பச்சைக் குளிர்காற்று. விடிந்தபோது இடது சீட்டில் உஸ்மா லாத்தா உயிரோடு இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல சூடு வந்துருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துரும் வந்துரும்னு நானும் சொன்னேன்" என்று பள்ளிவாசலில் அவர் அழுதபோது, இரண்டு ஆள் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு போர்வை எடுத்துப் போயிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார். நான் வாய் திறக்கவில்லை. அப்போது சொல்லாதவன் எப்போது சொல்வான்?

சரி, அஞ்சலிக்காவது ஒழுங்காகச் செய்வோம் என்று வைராக்கியம் வந்தது. பழைய சாமான் கடையில் அதே மாடலின் கோரைத் தேடிப் பிடித்தேன். டாஷ்போர்டைக் கழற்றி மாட்டினேன். குழாய்த் தண்ணீரை இரண்டு பக்கமும் விட்டு, செங்கல் நிறத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். தெர்மோஸ்டாட்டும் புதுசு போட்டேன். முன் சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, காற்றுக் குமிழ் எல்லாம் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் கையைச் சுட்டன.

மூன்றரை மணி. தகர ஷெட்டு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டேன். என் பக்கம் அனல் வீசியது.

இடது பக்கம் கையை நீட்டினேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டது போல் இருந்தது.

உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மூடி சிக்கியிருக்கும் என்று அதன் கேபிளை ஆட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். டக். டக்டக். டக். ஃபேனில் சருகு மாட்டிக்கொண்டால் இப்படித்தான் அடிக்கும். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் குனிந்து, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனை வெளியே எடுத்தேன். சருகு எதுவும் இல்லை.

ஃபேன் என் கையில் இருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன். தெருவில் எங்கோ ஒரு வியாபாரி கூவிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. என் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உயரத்தில்.

குளிரில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடியில் ஒரு கையகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. உட்புறம். அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. தைல வாசனை வந்தது. காய்ச்சல்காரர்களின் நெற்றியில் தடவும் தைலம். அதோடு ஈரக் கம்பளி நாற்றம்.

கதவைத் திறக்கப் பார்த்தேன். என் விரல்கள் விறைத்து மடங்க மறுத்தன. யாசீன் ஓதலாம் என்றால் முதல் சொல்லே நினைவுக்கு வரவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து ஓதியது!

"இன்னும் கொஞ்ச நேரத்துல..."

மெல்லிய குரல். உதடு நடுங்கும் குரல்.

"...சூடு வந்துருமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் மட்டும் இல்லை.

"வராது லாத்தா" என்றேன். "நான்தான் அடைச்சேன். காக்கா மேல தப்பு இல்ல. அவர்கிட்ட சொல்லாம விட்டது நான்தான்."

பல் சத்தம் நின்றது.

கண்ணாடியில் ஆவி மெல்ல மறைந்தது. என் விரல்கள் மடங்கின. வெளியே பாய்ந்து, தெருவில் வெயிலில் கால் மணி நேரம் நின்றேன். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போய் ஃபேனை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். இரண்டு பக்கமும் ஒரே சீராக அனல் வந்தது.

ஐந்து மணிக்கு ரோஸ்லின் வந்து இடது பக்கம் கை வைத்துப் பார்த்து, "நல்லா இருப்பீங்க பாய்" என்றார். இந்த வண்டியில் ஒருத்தி இறந்தாள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், எப்படி என்று கேட்பார். மறுநாள் இரவு போன் அடிக்கும்வரை நான் சாப்பிடவில்லை.

"வந்து சேர்ந்துட்டோம் பாய். வழியெல்லாம் சுகமா தூங்கினா. ஸ்வெட்டரைக்கூடக் கழட்டிட்டா!"

அல்ஹம்துலில்லாஹ் என்று பாயில் சாய்ந்தேன். உஸ்மா மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பாவத்தைச் சொல்லியாயிற்று, தீர்ந்தது. அப்துல் பாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த ஜும்ஆவிலும் தள்ளினேன். மனிதர் எலும்பும் தோலுமாகி, தொழுகை முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நழுவிவிடுவேன்.

ஜனவரியில் என் இடது தோள் குளிரில் விறைத்தாற்போல் வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் வாயு என்றார். பிப்ரவரியில், ஷெட்டு பெஞ்சில் நான் உட்கார்ந்தால் இடது பக்கம் யாரும் உட்காராமல் தள்ளிப் போவதைக் கவனித்தேன். கேட்டால் அவர்களுக்கே காரணம் தெரியவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை சுடவில்லை.

மார்ச் கடைசியில், லீவுக்கு ரங்கூன் வந்திருந்த ரோஸ்லின் ஆயில் மாற்ற வந்தார். ரங்கூன் வெந்துகொண்டிருந்தது. ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. அஞ்சலி நன்றாகத் தேறியிருந்தாள். தலை துவட்டிய பூத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் ஓடி வந்தாள். வந்தவள் நின்றாள். என் இடது பக்கத்துக் காலி இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ச்சான்லா?" என்றாள். குளிருதா என்று பர்மியத்தில் கேட்டாள்.

"எனக்கா? இந்த வெயில்லயா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு, சரி என்பதாகத் தலையாட்டினாள். பெஞ்சில் ஏறி நின்று, துண்டை விரித்து, என் தோளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் போர்த்திவிட்டாள்.

துண்டு கீழே விழவில்லை.